பின் பக்கத்துக்குப் போன பள்ளிக்கூடம்

அன்பு மகள் சந்திரகலாவுக்கு அப்பா எழுதுவது. அண்ணாமலையார் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம், மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். யாரோ எழுதித் தந்தது என்று நினைக்காதே மகளே, நானே எழுதுகிறேன். ஒரு வரி முடிந்ததும் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டுகிறேன், அவள் “போதும் வாங்க, கஞ்சி ஆறுது” என்கிறாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, ஆனால் படிக்கத் தெரிந்ததும் வயிற்றெரிச்சலும் சேர்ந்து வந்துவிட்டது.

முதியோர் வகுப்பில் நந்தினி டீச்சர் அரசியல் சட்டத்தைத் தமிழில் படிக்கக் கொடுத்தார். பிள்ளைகளுக்கு இலவசப் படிப்பு என்பதை முதலில் உரிமைகளோடுதான் வைத்தார்களாம். கொடுக்க முடியாவிட்டால் ஜனங்கள் கோர்ட்டுக்குப் போவார்களே என்று சிலர் பயந்ததால் பேசி விட்டுக்கொடுத்து, கோர்ட்டில் கேட்க முடியாத பின் பக்கத்துக்குத் தள்ளினார்களாம். பத்து வருஷத்துக்குள் கொடுக்க அரசு முயல வேண்டும் என்று இருந்ததாம். அந்தச் சட்டம் வந்த வருஷம் பிறந்தவன் நான். பத்து வருஷம் முடிந்தபோது மணிலாக் கொல்லையில் கடலையைக் கொத்தாமல் காக்கை ஓட்டிக்கொண்டிருந்தேன், எனக்காக யாரும் முயலவில்லை. பிறகு உரிமையாக்கினார்கள், அப்போது உனக்கே கல்யாண வயது.

இப்போது நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கம்மி என்று மூடப் பார்க்கிறார்கள். மூடினால் சின்னப் பிள்ளைகள் செஞ்சி ரோட்டைத் தாண்டிப் பக்கத்து ஊருக்குப் போக வேண்டும், பௌர்ணமி கிரிவலம் என்றால் அதில் பஸ்ஸும் வேனும் நிற்காமல் ஓடும். குடியரசு தினக் கிராம சபையில் ‘மூடக்கூடாது’ என்று தீர்மானம் எழுதச் சொன்னேன். தலைவர் இராமலிங்கம், “நேத்துதான் ஆனா ஆவன்னா, இன்னிக்குச் சட்டமா பெரியப்பா?” என்றான், எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம், “தண்ணி டேங்க் கேட்டிருக்கோம், இப்பப் போயி அதிகாரிங்கள மொறச்சிக்க வேணாம், கொஞ்சம் நயமா எழுதிக்கலாம்” என்று, ‘மூடாமல் இருக்க அரசு முயல வேண்டும்’ என எழுத வைத்தான். அதே வார்த்தை! பேத்தி கவிநிலாவை அந்த ரோட்டில் அனுப்பப்போகிற ஜோதியம்மாளே கைநாட்டு வைத்தாள். ஏம்மா என்றேன். “தண்ணிக்கு நான் படற பாடு உனுக்குத் தெரியாதுண்ணா” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளை நான் என்ன சொல்ல முடியும்.

என் முறை வந்தது. முழுதும் படித்தேன். இதில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று எழுந்து வந்துவிட்டேன். தீர்மானம் நிறைவேறிவிட்டது, நான் தனி.

பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடு, வெயிலில் அலையவிடாதே. எல்லாரும் நன்றாக இருங்கள். பேனாவை எடுத்துக்கொண்டு போய் அப்படியே திரும்பி வந்தவன், என் முதல் கையெழுத்தை உனக்குப் போடுகிறேன்.

அப்பா
கோ. சின்னசாமி