மஞ்சள் ஜீப்பின் உரிமையாளருக்கு

அன்புள்ள மயிலு,

இருபத்தாறு வருடம் உன்னை 'வாங்க மாப்பிள்ளை, போங்க மாப்பிள்ளை' என்றே கூப்பிட்டேன். என் தங்கை சரசுவை நீ கட்டிய நாளிலிருந்து அந்த மரியாதை. அதற்கு முன்னால் பத்தாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வாடா போடா என்று திரிந்ததை ஊர் மறந்துவிட்டது. நாமும் மறந்ததுபோலவே நடந்துகொண்டோம். இப்போது நீ போய் மூன்று வருடமாகிறது. கடிதத்தில் யார் வந்து கண்டிக்கப் போகிறார்கள்? பழையபடி நீ என்றே எழுதுகிறேன்.

ஒரு வாரமாக எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுகிறேன். வேலந்தாவளம் சந்தை வரை நடக்கிறேன், வாங்குகிறவன் மாதிரி நாலு மாட்டைப் பார்க்கிறேன், திரும்பி வந்துவிடுகிறேன். "பென்சன் வாங்கறவருக்கு அப்படி என்னங்க அவசரம்?" என்று என் வீட்டுக்காரி கேட்கிறாள். அவளிடம் என்ன சொல்ல?

விஷயம் இதுதான். உன் ஜீப் கிடைத்துவிட்டது.

நான் அதைத் தேடிப் போகவில்லை. ஏதாவது ஒரு பழைய ஜீப்பை வாங்கி, என் கையாலேயே பிரித்துப் பூட்டி ஓட்ட வேண்டும் என்பது என் நாள்பட்ட ஆசை, உனக்கே தெரியும். ரிட்டையர் ஆனதும் புரோக்கர் மணியனிடம் சொல்லி வைத்திருந்தேன். அவர்தான் சின்னக்கானலில் ஒன்று நிற்கிறது என்று படம் அனுப்பினார். மஞ்சள் பெயின்ட், புது ஹூட், முன்னால் எலுமிச்சை மாலை. நம்பர் என்ன என்று கேட்டேன். அவர் வாசித்தார். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன்.

பச்சை ஜீப்புக்கு எந்தப் புண்ணியவான் மஞ்சள் அடித்தான் தெரியவில்லை. ஆனால் நம்பர் உன்னுடையது.

வண்டி வாங்குகிறவன் முதலில் காகிதத்தைப் பார்க்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். போனில் வண்டி விவரம் காட்டுகிற ஆப்பைத் திறந்து நம்பரைத் தட்டினேன். அதில் உரிமையாளர் பெயரை முழுதாகக் காட்டமாட்டார்கள், நடுவில் இருக்கிற எழுத்தெல்லாம் நட்சத்திரமாகத்தான் இருக்கும். உன் பெயரைக் கண்டுபிடிக்க எனக்கு எத்தனை எழுத்து வேண்டும்? கீழே 'உரிமையாளர் வரிசை எண் 2' என்று இருந்தது. முதல் ஆள் எஸ்டேட். அவர்களிடம் ஏலத்தில் எடுத்த நீ இரண்டாவது. நீ அதை விற்றுப் பதினேழு வருடமாகிறது, மயிலு. அதற்குப் பிறகு மூன்று பேர் கைமாறியும் அந்த எண் மூன்றாகவில்லை.

மறுநாளே மணியனோடு மலையேறினேன். வண்டியை வைத்திருப்பவர் பெயர் செல்லையா. எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர். டூரிஸ்ட்டுகளை வியூ பாயின்ட்டுக்குக் கூட்டிப்போய்ப் பிழைக்கிறார். நல்ல மனிதர். டீ கொடுத்துவிட்டு முதலில் கேட்டது என்ன தெரியுமா?

"மயில்சாமி அண்ணாச்சி சொகமா இருக்காகளா சார்?"

அவர் உன்னைப் பார்த்ததே இல்லை. நீ போய் மூன்று வருடமாயிற்று என்று மணியன்தான் சொன்னார். செல்லையா தலையில் இருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"தெரியாமப் போச்சே சார். போலீஸ்காரங்க செக்கிங்ல கேட்டா, ஓனரு பாலக்காட்டுல இருக்காக, போன் போட்டா வந்துருவாகன்னுதான் இத்தன வருசமா சொல்லிட்டு வாரேன்."

நாங்கள் இங்கே உனக்கு மூன்று திவசம் கொடுத்துவிட்டோம். நீயோ மலைமேல் ஒவ்வொரு செக்கிங்கிலும் உயிரோடு இருந்திருக்கிறாய். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் டீயைக் குடித்தேன்.

பிறகு வேலையைப் பார்த்தேன். சேசிஸ் நம்பர் மேல் வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தேன். ஆர்.சி. புக்கோடு ஒத்துப்போனது. கடன் எதுவும் இல்லை. அடித்தகடு இரண்டு இடத்தில் அரித்திருக்கிறது, பிரேக் சுமார்தான். இதெல்லாம் சரி செய்துவிடலாம். போன வருடம் மழையில் வண்டி ஒருமுறை சறுக்கி, ஏறியிருந்த இரண்டு பேருக்கு அடிபட்டிருக்கிறது. பேசி முடித்துவிட்டார்களாம். செல்லையா அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். இன்சூரன்ஸ் எப்போதோ முடிந்துவிட்டது. யாருக்காவது உயிர் போயிருந்தால் நோட்டீஸ் செல்லையா வீட்டுக்கு வந்திருக்காது. உரிமையாளர் வீட்டுக்கு, அதாவது சரசு வீட்டு வாசலுக்கு வந்திருக்கும். உன் மகள் தாரணி பெங்களூரில் வேலை பார்த்துச் சேர்ப்பதெல்லாம் கோர்ட்டுக்குப் போயிருக்கும்.

செல்லையா ஒரு பாலித்தீன் கவரை எடுத்துவந்தார். உள்ளே நீ கையெழுத்துப் போட்ட பேர் மாற்றும் ஃபாரங்கள் இருந்தன. தேதி இல்லை, வாங்குபவர் பெயர் இல்லை. நம் பக்கத்தில் எல்லாரும் செய்கிற வேலைதான். கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டால் விற்று முடிந்தது என்று நினைப்பு. வாங்கினவன் அடுத்தவனிடம் அதே காகிதத்தைக் கொடுப்பான், அவன் அதற்கடுத்தவனிடம். 'சாமி'யில் வருகிற கடைசிச் சுழியை நீ கீழே இழுத்துவிடுவாயே, அது அப்படியே இருந்தது.

"பழைய தேதியப் போட்டு, உங்க பேர எழுதீட்டாப் போச்சுங்க. மேல நான் பாத்துக்கறேன்" என்றார் மணியன்.

உன்னிடம் எதற்கு மறைக்க வேண்டும்? பேனாவைத் திறந்துவிட்டேன். சரசுவுக்குத் தெரிய வேண்டாம், வண்டி எனக்கு வந்துவிடும், அவளுக்கும் ஆபத்து இல்லை என்று மனசு கணக்காகப் பேசியது. அதோடு இணைத்திருந்த விற்பனைச் சீட்டில் சாட்சிக் கையெழுத்துக்கு ஒரு கோடு போட்டிருந்தார்கள். அது காலியாக இருந்தது. அங்கே வர வேண்டியது என் கையெழுத்து.

"மச்சான், வண்டியக் குடுக்கறேன். ஒரெட்டு ஆர்.டி. ஆபீஸ் வரைக்கும் வந்துட்டுப் போனீங்கன்னா தேவலை" என்று விற்ற அன்றைக்கு நீ கூப்பிட்டாய். நான் வரவில்லை. ஆபீசில் வேலை என்றேன். பொய். அந்த ஜீப்பை நீ என்னிடம் சொல்லாமல் வேறு ஆளுக்குப் பேசி முடித்துவிட்டாய் என்ற கோபம். ஊரில் யார் வீட்டில் எது கைமாறினாலும் காகிதத்தைச் சரிபார்த்துக் கொடுத்த வில்லேஜ் ஆபீஸ் குமாஸ்தா, சொந்தத் தங்கை புருசன் வெறுங்காகிதத்தில் கையெழுத்துப் போட்டபோது மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தான். நான் வந்திருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும்.

பேனாவை மூடினேன். செல்லையாவிடம் ஒரு வாரம் தவணை கேட்டேன். ஒரு ரிசார்ட்காரர் காகிதமே வேண்டாம், வண்டியை மட்டும் கொடு என்று சனிக்கிழமை வருகிறாராம். அவர் கைக்குப் போனால் உன் பெயரில் இன்னும் எத்தனை பேரை ஏற்றி இறக்குவார்களோ. "சனிக்கெழம வரைக்கும் நான் சவாரி எடுக்கல சார், போதுமா?" என்றார் செல்லையா. அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் மலையிறங்கினேன்.

சரசுவிடம் போய்ச் சொன்னேன். அவள் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டுவிட்டு, நிமிராமலே சொன்னாள்:

"மறுக்காவும் அவரு பேர எடுக்கறதுக்குத்தான் வந்தீங்களாண்ணா?"

தவிட்டைக் கலக்கியபடியே மேலும் சொன்னாள்:

"ரேசன் கார்டுல எடுத்தீங்க. வரிச்சீட்டுல எடுத்தீங்க. கரண்டு பில்லுல எடுத்தீங்க. ஒவ்வொரு தடவையும் நாளைக்கு ஒரு தொந்தரவும் வரக்கூடாதுன்னு சொன்னீங்க, நானும் கையெழுத்துப் போட்டேன். இந்த ஒன்னுலயாச்சும் அவரு இருந்துட்டுப் போகட்டுமுங்ணா."

அவள் சொன்னது அத்தனையும் உண்மை. நீ போன ஆறே மாதத்தில் எல்லாவற்றையும் முடித்துக்கொடுத்தேன், மயிலு. எவ்வளவு வேகமாக முடித்தேன் என்று நாலு பேரிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன். ஒவ்வொரு காகிதத்திலிருந்தும் உன்னை அடித்துக்கொண்டே வந்தது நான்தான் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. விபத்து, நோட்டீஸ், கோர்ட்டு என்று என்னென்னவோ சொன்னேன். அவள் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். என்ன சொல்லியிருக்க வேண்டும் நான்?

இரண்டு நாள் அவள் வீட்டுப் பக்கம் போகவில்லை. மூன்றாம் நாள், அவள் ஒப்புக்கொண்டால் உடனே கையெழுத்து வாங்க வேண்டுமே என்று ஃபாரத்தையாவது நிரப்பி வைக்க உட்கார்ந்தேன். உரிமையாளர் இறந்துபோனால் வண்டி முதலில் வாரிசு பெயருக்குத்தான் வர வேண்டும். அதற்குப் பிறகுதான் வாங்குகிறவன் பெயருக்கு. அதனால் முதல் வரியில் சரஸ்வதி என்று எழுதினேன். அடுத்த வரி, யாருடைய மகன், மகள் அல்லது மனைவி என்று கேட்டது. மயில்சாமி என்று எழுதினேன். எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது வருடம் அந்த வரியை எத்தனை பேருக்கு நிரப்பியிருப்பேன், ஒருநாளாவது அதைப் படித்திருப்பேனா? ஆர்.சி.யிலும் அந்த வரி அச்சாகும். வண்டி சரசு பெயரில் இருக்கிறவரை நீயும் அதில் இருப்பாய். ஒரு வழக்கும் உன்னைத் தொடாது.

என் பெயருக்கு மாற்றினால் அந்த வரியில் என் அப்பா பெயர் வரும். நீ போய்விடுவாய்.

எழுந்து நடந்தேன். ஆசை லேசில் விடுமா? இத்தனை வருட ஆசை. கடைத்தெரு வரை போய் எதற்கு வந்தேன் என்றே தெரியாமல் திரும்பினேன். அப்படியே காகிதத்தை எடுத்துக்கொண்டு சரசு வீட்டுக்குப் போய் அந்த வரியைக் காட்டினேன். விரல் வைத்து மெதுவாகப் படித்தாள்.

"அப்பறம் உங்க பேருக்கு எப்ப மாத்தோணும்?"

"மாத்த வேண்டாம் அம்மிணி" என்றேன். பெரிய மனசு என்று நினைத்துவிடாதே. எனக்கு வலித்தது.

அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள். போட்டு முடித்துத் தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னாள்:

"அவரு உங்களுக்குக் குடுக்கோணும்னுதான் ரெண்டு மாசம் வெச்சிருந்தாருங்ணா. மச்சான் வாயத் தொறந்து ஒரு வார்த்த கேட்டாப் போதும்னு சொல்லீட்டே இருந்தாரு. நீங்க கேக்கவே இல்ல."

நான் எப்படிக் கேட்பேன், மயிலு? பெண் கொடுத்த வீட்டுக்காரன் மாப்பிள்ளையிடம் ஒரு பொருளைக் கொடு என்று கேட்கலாமா? நீதான் எப்படி வாங்கிக்கொள் என்று சொல்வாய்? மச்சானிடம் விலை பேசின மாப்பிள்ளை என்று ஊர் சிரிக்காதா? ஒரே பெஞ்சில் இருந்தபோது உன் டிபன் பாக்ஸைக் கேட்காமலே திறந்து தின்றவன் நான். அந்த 'வாங்க போங்க' வந்து நம் இரண்டு பேர் வாயையும் கட்டிப்போட்டுவிட்டது.

தாரணியும் பெங்களூரில் இருந்து சம்மதம் அனுப்பிவிட்டாள். "அப்பா வண்டிய பழையபடி பச்சையாக்கீருங்க மாமா" என்று மட்டும் கேட்டாள். செல்லையாவுக்குச் சேர வேண்டியதைச் சேர்த்தாயிற்று, அவருக்கும் மனக்குறை இல்லை. நாளை காலை சரசுவோடு ஆர்.டி. ஆபீசுக்குப் போகிறேன். அங்கே என்ன குறை சொல்வார்களோ, எத்தனை முறை நடக்கவிடுவார்களோ. இதை எழுதும்போதே இரண்டு தடவை எழுந்து காகிதங்களைச் சரிபார்த்துவிட்டேன்.

ஒரு வாக்குத் தருகிறேன். அந்த வண்டி சரசு பெயரில்தான் இருக்கும், அவளுக்குப் பிறகு தாரணி பெயரில். இன்சூரன்ஸ் ஒருநாள்கூடத் தவறாது. வெறுங்காகிதத்தில் யாரும் கையெழுத்துப் போட விடமாட்டேன்.

கேட்க வேண்டியதைப் பதினேழு வருடம் கழித்துக் கேட்கிறேன். வண்டியைக் கொடு என்று கேட்கவில்லை, மயிலு. ஓட்டக் கொடுடா.

கேட்கத் தெரியாத உன் மச்சான்,
நாச்சிமுத்து