எதிர்ச் சுவரில் ஓர் ஆணி

ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று டாக்டர் எனக்கு உத்தரவு போட்டிருக்கிறார். சிறுநீரகத்தில் கல்லாம். மருமகள் காலையிலேயே மூன்று பாட்டில்களை நிரப்பி மேசைமேல் வைத்துவிட்டு வேலைக்குப் போகிறாள். சாயந்திரம் பாட்டில் காலியாகாமல் இருந்தால் என் மகன் அதட்டுகிறான். "என்னாம்மா நீ, தண்ணி குடிக்கறது ஒரு பெரிய வேலையா?" குடிக்காமல் இருப்பதுதான் பெரிய வேலை என்று அவனிடம் சொல்லவில்லை. அந்த வேலையை நீ ஐந்து வருஷம் செய்ததை நான் பக்கத்து மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுபத்தெட்டில் நீ எங்கள் கடலை மண்டி ஆபீசுக்கு டைப்பிஸ்டாக வந்தாய். தேரடிக்குப் பின்னால் ஒரு பழைய வீட்டில் ஆபீஸ். தினமும் கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ். சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் உன் இரண்டு கால்களையும் கொண்டுபோயிருந்தது. முழங்காலுக்கு மேல் வரை இரும்புப் பட்டை, கையில் இரண்டு கட்டைகள். "நான் ஏர்றதுக்குள்ள கண்டக்டர் ரெண்டு வாட்டி வாட்ச்சப் பாத்துடுவான்க்கா" என்று சிரிப்பாய். உனக்கு இருபத்திரண்டு வயது, எனக்கு முப்பது. உன் கைவேகத்தைப் பார்த்து மேனேஜரே வாயைப் பிளந்தார்.

அந்த ஆபீசில் கக்கூஸ் இரண்டு. ஒன்று கொல்லைப்புறத்தில். ஏழு படி இறங்கி, பாசி பிடித்த கல் பாவிய முற்றத்தைத் தாண்டிப் போக வேண்டும். இன்னொன்று உள்ளேயே, மாடிப்படிக்கு அடியில், உன் மேசையிலிருந்து நாலு எட்டில், படியே இல்லாமல். முதல் நாலு மாதம் நீ அதற்குத்தான் போய் வந்தாய். யாருக்கும் அதில் ஒரு சிரமமும் இல்லை.

அப்புறம் நான் அந்தப் படத்தை மாட்டினேன்.

கல்யாணமாகி ஏழு வருஷம் எனக்குக் குழந்தையில்லை. மாமியார் வீட்டில் என்னைப் பார்க்கும் பார்வையே மாறியிருந்தது. மலை சுற்றும்போது அடி அண்ணாமலையில் ஒரு ஜோசியர், வேலை செய்கிற இடத்தில் கண்ணில் படும்படி அண்ணாமலையார் படம் வைக்கச் சொன்னார். மறு வெள்ளிக்கிழமையே சட்டம் போட்ட பெரிய படம் வாங்கிக்கொண்டு போனேன். எங்கே மாட்டுவது என்று யோசிக்கக்கூட இல்லை. ஒரு சுவரில் ஏற்கெனவே ஆணி இருந்தது, அதில் மாட்டினேன். மேனேஜர் கற்பூரம் காட்டினார். காட்டி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது, அந்தச் சுவருக்கு மறுபக்கம் உள் கக்கூஸ் என்று.

"சாமிக்கு முதுகுப் பக்கம் கக்கூஸா? நல்லாருக்கே! பூட்டுங்கப்பா மொதல்ல."

பூட்டினார்கள். சாவி அவர் மேசை டிராயருக்குள் போயிற்று. கால் உள்ள நாங்கள் எல்லோரும் கொல்லைக்குப் போய் வந்தோம்.

இரண்டாவது மாதம் எனக்கு நாள் தள்ளிப்போயிற்று.

அதுவரை அடக்கிப் பார்த்துவிட்டு, நீ முதலில் மேனேஜரிடம்தான் கேட்டாய். "என்னய எதுக்கும்மா கேக்கற? படம் அவங்க வாங்கி மாட்டுனது. வேற எடத்துல மாட்டிக்கறேன்னு அவங்க ஒரு வார்த்த சொல்லட்டும், இப்பவே தொறந்து வுட்டுடறேன்" என்றார். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் நீ என்னிடம் வந்தாய். டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாய்.

"அக்கா, படத்த எதிர்ச் செவுத்துல மாத்தி மாட்டிக்கறீங்களா? அங்க மாட்டுனாலும் உங்க கண்ணுல படும்."

"பூஜ பண்ணி மாட்டுன சாமிடி. கழட்டக் கூடாது. அதுவும் இந்த நேரத்துல. என் வயித்துல இருக்கறது உனக்குத் தெரியாதா?"

"தெரியுங்க்கா" என்றாய். அவ்வளவுதான். ஒரு முறைகூட நீ என்னிடம் சண்டைக்கு வரவில்லை. வந்திருக்கலாம்.

ஒரு நாள் கொல்லைக்குப் போகப் பார்த்தாய். மூன்றாவது படியில் கட்டை வழுக்கி விழுந்தாய். மறுநாள் மேனேஜர் பெருந்தன்மையாக மூட்டை தூக்கும் ஆட்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு, உன்னை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போகச் சொன்னார். தூக்கிக்கொண்டு போனார்கள். வேலை முடியட்டும் என்று கதவுக்கு வெளியிலேயே பீடி பற்ற வைத்துக்கொண்டு நின்றார்கள். நீ திரும்பி வந்தபோது உன் முகத்தை நான் பார்க்கவில்லை, பேரேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து நீ விடிந்ததிலிருந்து பொழுது சாய்ந்து வீடு போகும்வரை ஒரு வாய் தண்ணீர் குடிப்பதையும் விட்டாய். பதினோரு மணிக்கு டீ வரும். உன் டம்ளரை நான்தான் எடுத்துக் குடிப்பேன். வீணாகக் கூடாது பார்.

ஆபீசில் உனக்குச் 'சிம்மாசனம்' என்று பேர் வைத்தார்கள். நானும் சிரித்தேன். மேனேஜர் புதிதாகச் சேருகிறவர்களிடம் உன்னைக் காட்டிச் சொல்லுவார், "அந்தப் பொண்ணப் பாருங்க, உக்காந்தா எந்திரிக்கறதே இல்ல. வேலன்னா அது வேல." சித்திரை வெயிலில் உன் உதடு வெடித்திருக்கும். அடிக்கடி காய்ச்சல் வரும், லீவு போடுவாய். "கால் சரியில்லாதவங்களுக்கு ஒடம்புல தெம்பு கம்மிதான்" என்று நாங்களே காரணமும் சொல்லிக்கொண்டோம்.

எண்பத்துமூன்றில் வேலூர் ஆஸ்பத்திரியில் உன்னைச் சேர்த்தபோது இரண்டு சிறுநீரகமும் போய்விட்டிருந்தன. வருஷக்கணக்காக அடக்கி அடக்கி வைத்ததில் சீழ் பிடித்துவிட்டது என்று டாக்டர் சொன்னதாக உன் அண்ணன் ஆபீசுக்கு வந்து சொன்னார். "ஏன் அடக்குனான்னு தெரியலீங்க" என்று அழுதார். எங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நீ போன பிறகு இரங்கல் கூட்டத்தில் மேனேஜர், "வேலன்னு வந்தா தண்ணிகூடக் குடிக்காது" என்று கண் கலங்கினார். இரண்டு நிமிஷம் எழுந்து நின்றோம். பிறகு காபி வந்தது. குடித்தோம்.

இப்போது பாங்கிலும் தாலுகா ஆபீசிலும் சாய்தளம் கட்டியிருக்கிறார்கள். அதன்மேல் மோட்டார் சைக்கிள்களை நிறுத்தியிருக்கிறார்கள், அது வேறு கதை. "அந்தக் காலத்துல இதெல்லாம் யாருக்குங்க தெரியும்?" என்று என் வயதுக்காரர்கள் சொல்லும்போது எனக்கு உடம்பு பற்றி எரிகிறது. எனக்குத் தெரியும். உனக்குச் சாய்தளம் தேவைப்படவில்லை, சட்டம் தேவைப்படவில்லை. எதிர்ச் சுவரில் ஓர் ஆணி அடித்தால் போதுமாயிருந்தது.

பிள்ளைக்காகத்தான் செய்தேன் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். அது பொய். உனக்கும் அது தெரியும், நீயும் அன்று அங்கேதான் இருந்தாய்.

அன்று என் மகனுக்கு இரண்டு வயது முடிந்து, கொழுகொழுவென்று ஓடிக்கொண்டிருந்தான். கார்த்திகை தீபம் வருவதற்கு முன்னால் ஆபீசுக்கு வெள்ளையடித்தார்கள். ஆட்கள் என்னைக் கேட்காமலே படத்தைக் கழற்றித் தரையில் சாய்த்து வைத்துவிட்டார்கள். இரண்டு நாள் அது அப்படியே கிடந்தது. என் பிள்ளைக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. மூன்றாம் நாள் வெள்ளையடிப்பவன் படத்தைத் தூக்கிக்கொண்டு வந்து என்னிடம் கேட்டான், "எங்கம்மா மாட்டட்டும்? அந்தப் பக்கம் வேணும்னாலும் ஆணி அடிச்சுத் தரேன்."

உன் மெஷின் நின்றது. நீ என்னைப் பார்த்தாய்.

பயம் ஒன்றும் இல்லை எனக்கு. ஆனால் அன்று மாற்றி மாட்டினால், முன்பும் மாற்றியிருக்கலாம் என்று ஆகிவிடும். மூன்று வருஷம் உன்னைச் சும்மாவே வதைத்தேன் என்று ஆகிவிடும். என் கௌரவம் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"பழைய எடத்துலயே மாட்டுப்பா" என்றேன்.

நீ புதுக் காகிதத்தை மெஷினில் செருகி, உருளையைத் திருப்பி, ஓரத்தைச் சரி செய்தாய். பிறகு தலையைத் தூக்காமல் கேட்டாய்.

"மணி என்னாக்கா?"

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னேன், "பதினொண்ணேகால்." நீ வீடு போய்ச் சேர இன்னும் ஏழு மணி நேரம் இருந்தது.