பவளத்தின் கைப்பட்டை

காரைக்குடி, 3.5.77

பவளம் அப்பாவுக்கு,

புள்ளையைக் கூட்டிக்கிட்டு மதுரை ஆஸ்பத்திரிக்குப் போறேன். சோறு வடிச்சிருக்கு, புளிக்கொழம்பு உறியில இருக்கு. வெளியே போனா சாவியை பக்கத்து வீட்டு சுபைதாகிட்ட குடுத்திருங்க.

நேத்து சந்தைக்குக் கிளம்பும்போது, கைக்குப் போட்ட பிளாஸ்டிக் பட்டையை மிதிச்சுக் கெடுத்துட்டான்னு பவளத்தை அடிச்சீகளே. கெடுத்தது அவ இல்லை, நான்.

கஞ்சி கொட்டி வெந்த கை ஆறும்போது விரல் உள்ளே மடங்கக் கூடாதுன்னுதான் டாக்டர் அதை வெந்நீர்ல இளக்கி, அவ கை மேலயே வச்சு அழுத்திச் செஞ்சு குடுத்தாரு. "சூடு படாமப் பாத்துக்கம்மா"ன்னு என்கிட்டதான் சொன்னாரு. அடுப்பைச் சொல்றாருன்னு நெனச்சேன். போன புதன்கிழமை வேர்வை நாத்தம் போகக் கழுவி, மாடியில வத்தல் காயற தகரத்து மேல வச்சேன். மத்தியானம் போய்ப் பாத்தா இளகித் தட்டையாக் கெடந்துச்சு. பயந்துபோய் நெல்லுக் குலுக்கைக்குப் பின்னாடி ஒளிச்சேன். அதைத்தான் நேத்து நீங்க பாத்தீக. புண்ணு காத்தாடட்டும்னுதான் பட்டை போடலைன்னு உங்ககிட்ட சொன்னது பொய்.

ஆறு நாளாச்சு. மூணு விரல் உள்ளங்கைப் பக்கம் மடங்கி நிக்குது. தொட்டாலே அலறுறா. பட்டையை மறுபடி வெந்நீர்ல போட்டு வளைச்சிருவாக. விரலுக்கு என்ன சொல்லுவாகளோ.

மாடியில வத்தல் கெடக்கு, எடுத்து வச்சிருங்க.

இன்னொண்ணு. நான் காயப்போட்டப்ப அவ பக்கத்துலதான் நின்னா. நேத்து அடி விழும்போது என்னையே பாத்தா, வாயத் தொறக்கலை. நானும் தொறக்கலை.

அன்னக்கிளி