கொச்சிக்குப் போய்ச் சேர்ந்தும் சேராத கதை

கருமத்தம்பட்டி,
கார்த்திகை 12.

அன்பு மகள் யுவஸ்ரீக்கு,

கருமத்தம்பட்டி சாம்ராஜ்யத்தின் மூன்றாவது சந்திலிருந்து உன் சித்தப்பன் ஐயாசாமி எழுதுவது. நீ எந்தக் கடலில் எந்த அலை மேல் இருந்து இதைப் பிரித்தாலும் உடம்பு சுகமாகவும் வயிறு நிறைந்தும் இருக்க வேண்டும். இங்கே நான் சுகம். உன் சித்தி தெய்வாத்தாள் என்னைத் திட்டுவதற்குத் தெம்பு குறையாமல் சுகம். எங்கள் மகள் ஹர்ஷிணிக்குப் போன வாரம் பெண் குழந்தை பிறந்தது, இரண்டே முக்கால் கிலோ, அது அழ ஆரம்பித்தால் நாலு வீதித் தறிச் சத்தமும் வெட்கப்பட்டு அடங்கிவிடுகிறது. உன் அம்மாவும் சுகம் என்று எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன். இப்போது மாகாளியம்மன் கோயில் இருக்கும் திசை பார்த்து வலது கையை உயர்த்தி, இடது கையால் இதை எழுதிக்கொண்டு, சத்தியமாகச் சொல்கிறேன் கண்ணு, உலகத்தில் ஒருத்தரும் நம்பாத கதை ஒன்றைச் சொல்லப் போகிறேன். ஐயாசாமி என்கிற மாவீரன் குறித்த நேரத்துக்கு முக்கால் மணி முன்னாலேயே கொச்சிக்குப் போய்ச் சேர்ந்தும் போய்ச் சேராத கதை. ஆமாம் அம்மணி, வாளையாறில் வண்டி ரிப்பேர் என்று நான் அனுப்பிய மெசேஜ் பொய். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. போனில் உனக்கு இதைச் சொல்லக் கூடாது என்று உன் அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். போனில் சொல்லவில்லை, கடிதத்தில் எழுதுகிறேன், சத்தியம் அப்படியே இருக்கிறது. அண்ணன் போனதிலிருந்து உனக்குக் கடிதம் எழுதும் உத்தியோகத்தை நான்தானே பார்க்கிறேன். நீ கொடுத்த கப்பல் கம்பெனியின் மும்பை ஆபீஸ் விலாசத்துக்கு ரிஜிஸ்டர் தபாலில் வருகிறது. படித்ததும் அம்மாவுக்குப் போன் போட்டுவிடாதே, முதலில் கடைசி வரை படி.

நீ அனுப்பிய பதிலை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. "கொச்சியில அம்மாவைப் பாக்க நாற்பது நிமிஷம் வாங்க எத்தனை பேர் கால்ல விழுந்தேன்னு தெரியுமா சித்தப்பா, வர மனசில்லைன்னா முதல்லயே சொல்லியிருக்கலாம், ஜனவரியில கப்பல் மறுபடி கொச்சி வரும், நான் இனி யார்கிட்டயும் பர்மிஷன் கேக்கறதா இல்லை" என்று எழுதியிருந்தாய். உன் கோபம் நியாயம். நான் நூறு பேரிடம் பீற்றிக்கொண்ட பிள்ளை நீ. எங்கள் மில் வேனில் ஏறும் பெண்களிடம் தினமும் உன் பிரதாபம்தான். கப்பல் கரை தொடும் ஊர்களில் நடக்க முடியாத பயணிகளை எப்படி ஊர் சுற்றிக் காட்டுவது என்று திட்டம் போடுவது என் அண்ணன் மகள், அவள் முதலில் தானே சக்கர நாற்காலியில் உட்கார்ந்து அந்த வழியெல்லாம் போய்ப் பார்ப்பாள், எங்கே படி, எங்கே சரிவு, எந்தக் கழிப்பறைக் கதவில் நாற்காலி நுழையும், கடல் ஏறினால் கப்பல் ஏணி எவ்வளவு சாயும் என்று அளந்து எழுதுவாள், அவள் எழுதிய பிறகுதான் கடலே ஏறும் இறங்கும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அப்படிப்பட்ட நீ உன் அம்மாவுக்கும் அதே மாதிரி ஒரு கேள்வித்தாள் அனுப்பினாய். எத்தனை படி ஏறுவார், நிற்காமல் எவ்வளவு தூரம் நடப்பார், நாற்காலி வேண்டுமா, எத்தனை மணிக்கு ஒரு தரம் கழிப்பறை, உடன் வரும் பெண் யார். நான் பேனாவோடு உட்கார்ந்தேன், உன் அம்மா கட்டிலில் சாய்ந்தபடி பதில் சொன்னார். "பத்துப் படி ஏறுவேன்னு போடுங் தம்பி. நாற்காலியெல்லாம் எதுக்குங்க, நடப்பேன்னு எழுதுங்க." கழிப்பறைக் கேள்வி வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அதெல்லாம் எழுத வேண்டாமுங்க, புள்ளையோட ஆபீஸ்ல ஆம்பளைங்க படிப்பாங்க" என்றார். நான் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டேன். உன் அம்மா ஆடி மாதத்தில் வலது பக்கம் இழுத்துக்கொண்டதிலிருந்து நடக்கவில்லை கண்ணு. வீடியோவில் நீ பார்க்கும்போது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாரே, அது உன் சித்தி முதுகுக்குப் பின்னால் இரண்டு தலையணை கொடுத்து, வலது கையை மடியில் எடுத்து வைத்து, தலை வாரிப் பூ வைத்துச் செய்யும் அலங்காரம். பயணிகள் வெட்கப்பட்டு நடப்பேன் என்று பொய் சொல்வார்கள், அதனால் கடைசியாக எப்போது கடைக்குப் போனீர்கள் என்று வேறு வழியில் கேட்டு உண்மையைக் கறப்பேன் என்று நீயே ஒரு தரம் சொன்னாய். எங்களிடம் அந்தக் கேள்வியை நீ கேட்கவில்லை. குற்றம் சொல்லவில்லை அம்மணி, கேட்டிருந்தாலும் நேற்றுத்தான் சந்தைக்குப் போய் வந்தார் என்று நானே எழுதியிருப்பேன்.

புறப்பட்ட அன்று வேனைக் கழுவிய தண்ணீரில் நொய்யலில் இரண்டு அடி வெள்ளம் வந்தது. காலை ஆறு மணிக்கு நானும் சித்தியும் அம்மாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் முன்சீட்டில் உட்கார வைத்தோம். மடியில் உனக்கென்று வெல்லக் கச்சாயம் நிரப்பிய எவர்சில்வர் டப்பா. கட்டிலில் இருந்தபடியே பாகு பதம் சொல்லிச் சொல்லி உன் சித்தியை ராத்திரிக்குள் பைத்தியமாக்கிச் சுட வைத்தது. அந்த மஞ்சள் சேலை நீ முதல் சம்பளத்தில் எடுத்துக் கொடுத்தது. சித்தியும் வருவதாகத்தான் இருந்தது. ஹர்ஷிணிக்கு அன்று விடிகாலையிலேயே இடுப்புவலி கண்டுவிட்டது, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதாகிவிட்டது. உன் அம்மா இன்னொரு நாள் போகலாம் என்று சொல்லவில்லை, கப்பலுக்கு ஏது இன்னொரு நாள். ஆக நானும் அண்ணியும் மட்டும். இங்கேதான் நான் தோற்கத் தொடங்கினேன், எனக்கு அது தெரியவில்லை. வழியில் பெட்ரோல் பங்க் வந்தபோதெல்லாம் நிறுத்தட்டுமா என்றேன். வேண்டாமுங் தம்பி என்றார். இளநீர் வாங்கினேன், தொடவில்லை. பாலக்காட்டில் காப்பி, தொடவில்லை. கொழுந்தன் கையைப் பிடித்துக்கொண்டு எந்தப் பெண்பிள்ளை கழிப்பறைக்குப் போவாள்? அதற்காகத்தான் தண்ணீரே குடிக்காமல் வருகிறார் என்பது எனக்குத் திருச்சூர் தாண்டித்தான் உறைத்தது. உறைத்து என்ன செய்ய? நாற்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்தவன், ஆர்.டி.ஓ.வையே அழ வைத்தவன், அண்ணியிடம் அந்த ஒரு வார்த்தையைக் கேட்க நாக்கு எழும்பவில்லை. வேனில் இருந்த சின்ன ஃபேனை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். ஆறு மணி நேரத்தில் நான் செய்த வீரச்செயல் அது ஒன்றுதான்.

பன்னிரண்டே காலுக்குத் துறைமுகத்தில் நீ சொன்ன வாசலுக்கு எதிரில் வண்டியை நிறுத்திவிட்டேன். பார்வையாளர் கூடத்துக்கு ஒன்பது படி, ஒவ்வொன்றும் மருதமலை உயரம். எண்ணியது உன் அம்மாதான். அப்போது நீலச் சட்டை போட்ட ஒருவர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நேராக எங்கள் வண்டிக்கே வந்து, "அம்மச்சிக்கு வீல்சேர் வேணோ?" என்று கேட்டார். உன் அம்மா உடனே, "ஐயோ, வேண்டாமுங்க கண்ணு, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றார். நானும் என் பங்குக்கு, "பரவாயில்லீங்க, பாத்துக்கறோமுங்க" என்றேன். நம்ம பக்கம் வேண்டாமுங்க என்று சொன்னால் இன்னும் இரண்டு தரம் கேளுங்கள் என்று அர்த்தம், காப்பியானாலும் பெண் கேட்பதானாலும் மூன்றாவது தரம்தான் சரி என்போம். அந்த மனிதருக்கு அது எப்படித் தெரியும்? சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் மறுபடி கேட்பார் என்று நாங்கள் இரண்டு பேரும் பத்து நிமிஷம் மரியாதையாகக் காத்திருந்தோம் அம்மணி, இதை எங்கே போய்ச் சொல்வது. அப்புறம் உன் அம்மா இறங்கிப் பார்க்கிறேன் என்றார். கை கொடுத்தேன், பிடிக்கவில்லை. தோளைக் காட்டினேன், தலையைக் குனிந்துகொண்டார். கடைசியில் என் துண்டின் ஒரு நுனியை அவர் பிடித்தார், மறு நுனியை நான் பிடித்தேன். இடது கால் தரையில் ஊன்றியது, வலது கால் வேறு யாருடைய காலோ போலப் பின்னாலேயே நின்றது. அப்படியே வண்டியின் ஏறுபடியில் உட்கார்ந்துவிட்டார். நான் நாற்காலி தேடி ஓடினேன். நாலு நாற்காலியும் கப்பல் ஆட்களோடு போய்விட்டதாம். எங்கள் பெயருக்கு எடுத்து வைக்கவில்லையா என்று கேட்டேன், உங்கள் தாளில் வேண்டாம் என்றுதானே இருக்கிறது என்று காட்டினார்கள். என் கையெழுத்துத்தான், மறுக்க முடியுமா? திரும்பி வந்து பார்த்தபோது உன் அம்மா எதிரே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே நீ.

வெள்ளைச் சட்டை, கழுத்தில் பட்டை. லிஃப்ட் வைத்த பஸ்ஸிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெரியவரை இறக்கிக்கொண்டிருந்தாய். நாற்காலி தரை தொடும் வரை அவர் முழங்காலில் கை வைத்துக்கொண்டு கூடவே குனிந்து வந்தாய், பெல்ட்டைக் கழற்றினாய், அவர் தொப்பியைச் சரி செய்தாய். முப்பது அடி தூரம்கூட இருக்காது. கூப்பிடட்டுமா என்றேன். "இருங் தம்பி, அந்தப் பெரியவரை உக்கார வெச்சுப்போட்டு வரட்டும்" என்றார். நீ அவரை அனுப்பிவிட்டுக் கூடத்துக்குள் போனாய். இப்போது கூப்பிடட்டுமா என்று திரும்பினேன். உன் அம்மா மஞ்சள் சேலையை முழங்காலுக்கு மேல் இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார், வராத கையும் எப்படியோ வந்திருந்தது. சேலை நனைந்துவிட்டது கண்ணு. ஆறு மணி நேரம் தாங்கியவருக்கு அந்த ஐந்து நிமிஷம் தாங்கவில்லை. "வண்டிய எடுங் தம்பி. புள்ள கூட வேலை செய்யறவங்க இருக்காங்க. அவ என்னைய இப்படிப் பாக்க வேண்டாம்" என்றார். அப்போதுதான் அவரைத் தூக்கினேன். நீ பிறந்ததிலிருந்து இன்று வரை அண்ணி முன்னால் கால் மேல் கால் போட்டு உட்காராதவன், இரண்டு கையாலும் தூக்கி சீட்டில் வைத்தேன். கனமே இல்லை. எங்கள் மில்லின் ஒரு நூல் மூட்டை அளவுகூட இல்லை. எல்லாவற்றையும் பத்து மடங்காக்கிச் சொல்கிறவன், இதை என்ன செய்தும் பெரிதாக்க முடியவில்லை. வண்டியை எடுக்கச் சொன்னாரே தவிர எடுக்க விடவில்லை. நாற்பது நிமிஷமும் அங்கேயே நின்றோம். நீ கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து நெற்றியில் கையை வைத்து வெயிலில் ரோட்டைப் பார்த்தாய். முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு அதன் வழியாக உன்னைப் பார்த்தார். என் போன் ஒன்பது தரம் அடித்தது, அது அவர் மடியில்தான் இருந்தது, என்னிடம் தரவில்லை. கடைசியில் அவர் சொல்லச் சொல்ல வாளையாறு மெசேஜை நான் தட்டினேன்.

திரும்பி வந்த கதையைக் கேள், அது வெகு ஜோர். குதிரான் சுரங்கத்துக்குள் உன் அம்மா பாட்டெடுத்தார், எதிரொலியில் நாற்பது லாரிகள் ஓரம் கட்டி நின்று கேட்டன. பாலக்காடு வருவதற்குள் கச்சாய டப்பாவைக் காலி செய்துவிட்டு எனக்கு ஒன்று கூட இல்லை என்று சிரித்தார். சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் வேலை செய்யவில்லை என்று எட்டிப் பார்த்த பெண்ணைப் பிடித்துக்கொண்டு, எம்புள்ள கப்பல்ல இருக்கறா, நடக்க முடியாதவங்களை எல்லாம் ஊர் பாக்கக் கூட்டீட்டுப் போறா என்று சொன்னார், எங்களுக்குப் பின்னால் கொச்சி வரை வண்டிகள் நின்றுவிட்டன. வீடு வந்த பிறகுதான் சங்கடம். இனிக் கொச்சிப் பக்கமே வர மாட்டேன் என்கிறார். நானும் சித்தியும் சொல்லிப் பார்த்துவிட்டோம், வாடகைக்கு நாற்காலி எடுக்கிறோம், சித்தி கூடவே வருவாள், வழியில் நிறுத்தி நிறுத்திப் போவோம் என்றெல்லாம் சொன்னோம். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். எனக்கு இதற்கு மேல் வழி தெரியவில்லை கண்ணு. ஊரான் வீட்டுப் பெரியவர்களுக்கெல்லாம் வழி பார்த்துக் கொடுக்கிறவள் நீ, மூன்று படி வாசல் உள்ள இந்த வீட்டிலிருந்து உன் அம்மாவை உன்னிடம் கொண்டு வர ஒரு வழி இருந்தால் சொல், இல்லையென்றால் இல்லை என்றாவது சொல். ஜனவரிக்கு டிசம்பர் பத்துக்குள் பர்மிஷன் கேட்க வேண்டும் என்றாயே, கோபத்தில் அதை விட்டுவிடாதே, கேட்டு வை. அம்மாவிடம் இது எதுவும் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதே. வழக்கம்போலப் பேசு, பூ நல்லா இருக்குதுங்ம்மா என்று சொல்லு, அன்று முழுக்க அதையே சித்தியிடம் சொல்லிக்கொண்டிருப்பார். வேளைக்குச் சாப்பிடு, குனிந்து குனிந்து இடுப்பைக் கெடுத்துக்கொள்ளாதே. மாகாளியம்மன் உன்னைக் கரையிலும் கடலிலும் கைவிடாமல் பார்த்துக்கொள்ளட்டும், நீயும் நாற்காலிகளும் பத்திரமாக இருக்க வேண்டும் என்று ஆசி கூறும்,

உன் சித்தப்பன்,
வே. ஐயாசாமி.

கவரை ஒட்டிவிட்டு மறுபடி கிழித்து எழுதுவது: போன வழியில் நடந்ததெல்லாம் நிஜம், உப்பு மட்டும்தான் என்னுடையது. திரும்பி வந்த கதை முழுக்க நான் கட்டியது. பாடவில்லை, சிரிக்கவில்லை, டப்பாவைத் திறக்கவே இல்லை. பின்னால் நின்றது இரண்டே இரண்டு கார். ஆனால் சுங்கச்சாவடிப் பெண்ணிடம் உன்னைப் பற்றிச் சொன்னது மட்டும் நிஜம் அம்மணி. கொச்சியிலிருந்து வீடு வரும் வரை அவர் வாய் திறந்தது அந்த ஒரு தரம்தான்.