ஆயிரத்து இருநூறு ஆடுகளின் பிரபு

பாத்தர்ஸ்ட், நியூ சவுத் வேல்ஸ்
6 மார்ச் 1831

என் செல்ல மகள் உனாவுக்கு,

பெரியப்பா ஃபெலிம் சகல சம்பத்துகளோடும் சாய்ந்து உட்கார்ந்து எழுதிக்கொள்வது. என் கடிதம் வந்தால் அயர்லாந்தில் பாதி உங்கள் கணப்பைச் சுற்றிக் கூடிவிடும் என்று தெரியும். ஆகவே தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்கப் படி.

பண்ணைக் காரியஸ்தரின் பசு தானாகவே என் பின்னால் நடந்து வந்தது. அதை நம்ப மறுத்து என்னை ஆயுளுக்கும் நாடு கடத்திய நீதிபதிக்கு முதல் நன்றி. அந்தப் புண்ணியவான் இல்லையென்றால் அரசர் தம் சொந்தச் செலவில் கப்பல் விட்டு என்னை இங்கே அழைத்து வந்திருப்பாரா? ஆயிரத்து இருநூறு ஆடுகள் என் கண்ணசைவுக்குக் காத்து நிற்கின்றன. என் மாளிகையின் ஜன்னல்களை இன்னும் எண்ணி முடிக்கவில்லை. ஞாயிறுதோறும் கங்காரு மேல் ஏறித்தான் பூசைக்குப் போகிறேன்.

ஒரு விஷயம். ஒழுங்காக நடக்கும் கைதிகளின் மனைவிகளை அரசாங்கமே இலவசமாகக் கப்பலேற்றி அனுப்புகிறது. என் எசமான் கிளேட்டன் துரை எனக்காக எழுதிக்கொடுத்துவிட்டார். அங்கே மாஜிஸ்திரேட், 'ஹனோரா ஆதரவில்லாதவள்' என்று கையெழுத்துப் போட்டால் போதும். உன் பெரியம்மாவிடம் வருவாளா என்று கேட்டுப்பார். கேட்கும்போது அவள் கையில் கரண்டி இல்லாமல் பார்த்துக்கொள்.

ஆடுகளின் பிரபு,
ஃபெலிம்

கில்மோரன், கிளேர்
20 அக்டோபர் 1831

அன்புள்ள பெரியப்பாவுக்கு உனா எழுதுவது.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படிக்க வைத்தார்கள். கூட்டம் வாசல்வரை நின்றது. "ஜன்னல எண்ண முடியலயாமா?" என்றாள் பெரியம்மா. "இங்க இருந்தப்ப கதவுக்கே ஒத்தக் கீல்தான். இன்னொண்ணு மாட்டுறேன் மாட்டுறேன்னே கப்பலேறிட்டாரு, புளுகு மூட்ட." சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டு சிரித்தாள். மறுநாளே துணிமணிகளைத் துவைத்துக் காயப்போட்டாள்.

ஆனால் பெரியப்பா, அந்தக் கூட்டத்தில் காரியஸ்தரின் ஆளும் இருந்தான். நாங்கள் மாஜிஸ்திரேட்டிடம் போவதற்குள் உங்கள் ஆடுகள் முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டன. "மாளிகையும் மந்தையுமா இருக்கறவன் பொண்டாட்டிக்கு அரசாங்கக் கப்பல் எதுக்கு? அவனையே கூட்டிக்கச் சொல்லு" என்று தாளைத் தள்ளிவிட்டார். அடுத்த ஆண்டு கிறிஸ்துமஸுக்குள் கையெழுத்து வராவிட்டால் பெயரையே அடித்துவிடுவார்களாம்.

வரும் வழியில் பெரியம்மா ஒரே ஒரு தடவைதான் வாய் திறந்தாள். "அவருக்குத்தான் அங்க எல்லாம் இருக்கேடி. நான் போயி என்ன செய்ய?" துணிமணிகளைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டாள்.

உங்கள் மகள்,
உனா

பாத்தர்ஸ்ட்
12 ஏப்ரல் 1832

உனா,

இதையும் உரக்கப் படி. வீட்டில் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊரே கோயில் வாசலில் நிற்கும்போது படி. காரியஸ்தரும் இருக்கட்டும்.

ஆயிரத்து இருநூறு ஆடுகளும் கிளேட்டன் துரையுடையவை. நான் அவற்றை மேய்ப்பவன். இங்கே கைதிகளைக் கேட்பவர்களுக்குக் கூலியில்லாத வேலைக்காரர்களாகக் கொடுத்துவிடுவார்கள். அப்படித்தான் நான் அவருக்குக் கிடைத்தேன். என் மாளிகை மரப்பட்டைக் குடிசை. ஜன்னல்கள் என்று சொன்னவை பட்டை விட்டுப்போன இடங்கள். முதல் வருஷம் இருபத்தைந்து கசையடி வாங்கினேன். எட்டு மாதம் காலில் விலங்கு. பூசைக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது. பேச்சுத் துணைக்கு ஒரு நாய்.

என் பவிசைப் பேசினால் ஊரில் ஹனோரா தலைநிமிர்ந்து நடப்பாள் என்று நினைத்தேன். கப்பலைக் கவிழ்த்துவிட்டேன்.

நன்றி சொன்னது மட்டும் பொய்யில்லை. வயிறு நிறையச் சாப்பாடு. துரையின் மனைவி கொடுத்த பூட்ஸ். விலங்கு கழன்ற கால்கள். இத்தனையும் இருக்கிறது, காட்டுவதற்குத்தான் அவள் இல்லை. அவள் வராவிட்டாலும் குறை சொல்லமாட்டேன். ஆனால் எனக்கு எல்லாம் இருப்பதாக மட்டும் அவள் நினைக்கக்கூடாது.

ஃபெலிம்

கில்மோரன்
3 டிசம்பர் 1832

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

நீங்கள் சொன்னபடியே படித்தேன். கசையடி வரும் இடத்தில் என் குரல் நின்றுவிட்டது. பங்குச் சாமியார்தான் வாங்கி முடித்தார்.  கடைசியில் கொல்லர் டோனல், "கங்காரு சவாரியும் பொய்தானா?" என்று கேட்டார் பாவமாக.

பெரியம்மா நேரே வந்து கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டாள். ஓர் எழுத்தும் தெரியாதவள் மேலும் கீழும் பார்த்தாள். "இத்தன வருசமா ஊருக்குத்தான் எழுதினாரு. இப்பத்தான்டி எனக்குன்னு ஒரு கடுதாசி போட்டிருக்காரு."

பெரியம்மாவை அனுப்பக் கேட்டு மாஜிஸ்திரேட்டுக்கு எழுதிய மனுவின் கீழே எண்பத்து மூன்று பேர் கையெழுத்துக்குப் பதிலாகச் சிலுவைக்குறி போட்டார்கள். எண்பத்து நான்காவது காரியஸ்தரின் கையெழுத்து. "இந்தக் குடும்பமே கடல் தாண்டினாத்தான் என் மாடுங்க பத்திரம்" என்றார். மாஜிஸ்திரேட்டும் ஒப்பமிட்டுவிட்டார். வசந்தத்தில் கார்க் துறைமுகத்தில் கப்பல். துணிமணிகள் மறுபடி கொடியில் காய்கின்றன.

அவளை அனுப்பிவிட்டு நான் யாருக்குப் படித்துக் காட்டுவேன் என்று தெரியவில்லை. அது கிடக்கட்டும்.

உனா

பாத்தர்ஸ்ட்
17 நவம்பர் 1833

எங்கள் உயிரான மகள் உனாவுக்கு,

மாட்சிமை பொருந்திய ஹனோரா அம்மாளின் கூலியில்லா வேலைக்காரன் ஃபெலிம், எசமானியின் உத்தரவின்பேரில் எழுதுவது.

ஆம், வந்துவிட்டாள். அவள் கைதியல்ல, சுதந்திரமாக வந்த பெண். அப்படிப்பட்டவர்கள் யார் வேண்டுமானாலும் ஒரு கைதியை வேலைக்குக் கேட்கலாம். கிளேட்டன் துரை என்னை விட்டுக்கொடுத்தார். அரசாங்கக் கச்சேரியில் குமாஸ்தா, "இந்த ஆள் உங்களுக்கு எதுக்கும்மா?" என்று கேட்டான்.

"வெறகு வெட்ட."

"வேற?"

"புளுக. ஆனா இனிமே எங்கிட்ட மட்டும்."

குமாஸ்தா சிரித்தபடியே முத்திரை குத்தினான். உனா, அரசரின் முத்திரையோடு பெண்டாட்டிக்கு எழுதிக்கொடுக்கப்பட்டவன் உலகத்தில் என்னைத் தவிர எவன்? துரையே ஒரு குடிசையும் தந்தார். ஹனோரா அவர் வீட்டுக்கு வெண்ணெய் கடைந்து கொடுக்கிறாள்.

உன்னை இனிப் பார்க்கப்போவதில்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அதைப் பேசாமலிருக்க ஓயாமல் உன்னைப் பற்றியே பேசுகிறோம். ஊர் கூடாவிட்டாலும் இதை உரக்கப் படி. உன் குரல் அந்த வீட்டில் கேட்கட்டும். இந்த இரண்டரை வருஷத்தில் எங்களைச் சேர்த்து வைத்தது உன் தொண்டைதான். அதற்கு நன்றி சொல்ல என்னிடம் பெரிதாக ஒரு பொய்கூட இல்லை.

எசமானி என்னிடம் சொன்ன முதல் வேலையை அன்றே முடித்துவிட்டேன். எங்கள் கதவுக்கு இப்போது இரண்டு கீல். தானே திறந்து மூடிப் பார்த்துத்தான் நம்பினாள்.

காரியஸ்தரின் அந்தப் பசு இன்னும் உயிரோடு இருந்தால், நான் சொன்னேன் என்று அதன் கழுத்தைத் தடவிக்கொடு.

பெரியப்பா ஃபெலிம்
(பக்கத்தில் பெரியம்மா போட்ட சிலுவைக்குறி)