துண்டுக்குள் ஐம்பது ரூபாய்

சகலை,

புதுக்கடலை வரத்து தொடங்கிவிட்டது. ஆலங்குடிக் கடைத்தெரு முழுக்க ஈரமண்ணும் பச்சைக் கடலையும் கலந்த வாசம். நேற்று ஜவுளிக்கடையில் சும்மா உட்கார்ந்திருந்தவன் எழுந்து உள்ளே போய், ஆணியில் தொங்கும் உங்கள் துண்டை எடுத்து முகர்ந்து பார்த்தேன். அதே வாசம். நீங்கள் போன பிறகு மதினி உங்கள் கைக்கடிகாரத்தைத் தம் மருமகனுக்குக் கொடுத்துவிட்டு, இந்தத் துண்டை எனக்குக் கொடுத்தார்கள். எனக்கு அப்போது மனத்தாங்கல்தான். கடிகாரமாவது ஓடும், துண்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று செல்லம்மாளிடம் முணுமுணுத்தேன்.

நாளைக் காலை அதற்கு வேலை வந்துவிட்டது. புதுக்கோட்டையில் எண்ணெய் மில் வைத்திருப்பவர் ஒருவர் வருகிறார். அவரிடம் நாம் பங்கு வாங்கிய அதே மதுரை நூல்மில்லின் பங்குகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் என் தலையில் கட்டிவிட்டுப் போகப் பார்க்கிறார். யுத்தம் முடிந்தது, சுதந்திரம் வந்தது, நம் சமஸ்தானமும் போய்விட்டது. பங்கு விலை மட்டும் யாரோ காலை வாரிவிட்டது போல விழுந்துகொண்டே இருக்கிறது. பேப்பரைப் பிரித்தால் தினமும் இறங்குமுகம். செல்லம்மாள் சோறு போடும்போது, “வாங்கப் போறீங்களா?” என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். போன தடவை இதே கேள்வி வந்தபோது பதில் சொல்ல நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள்.

அது ரங்கூனில் குண்டு விழுந்ததற்கு மறு சித்திரை. ஜப்பான்காரன் கடல் வழியாக வந்து இறங்கப் போகிறான் என்று மதராஸ் பட்டணமே மூட்டை கட்டியது. மணமேல்குடிப் பக்கத்துக் கடற்கரை ஆட்கள்கூட இரவில் விளக்கேற்றப் பயந்தார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவராகத்தான் அந்தப் பட்டணத்துக்காரர் நம் ஊருக்கு வந்து சேர்ந்தார். அவர் மனைவிக்கு ஆலங்குடி பிறந்த ஊர். ஏதோ வெள்ளைக்காரக் கம்பெனியில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு தகரப் பெட்டியை மட்டும் மடியிலிருந்து இறக்காமல் ரயிலில் வந்தாராம். பெட்டிக்குள் இருந்தவை அந்த மில்லின் பங்குப் பத்திரங்கள். நூறு ரூபாய்ப் பங்கை நாற்பதுக்குத் தருகிறேன், யாராவது வாங்கிக்கொள்ளுங்கள் என்று கடைத்தெருவில் கேட்டுக்கொண்டு திரிந்தார். கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஜப்பான்காரன் வந்தால் அந்தக் காகிதத்தில் கடலை மடிக்கலாம் என்று ஒருத்தர் சொன்னது உங்களுக்கும் காதில் விழுந்திருக்கும்.

நீங்கள் சிரிக்கவில்லை. உங்கள் கடலை மண்டியில் அவரை உட்காரவைத்து மோர் கொடுத்தீர்கள். சாயங்காலம் என் கடைக்கு வந்து, “சகலை, நம்மகிட்ட இருக்குற பணத்துக்கு இதை வாங்கலாமான்னு பாக்குறேன்” என்றீர்கள்.

நம்மகிட்ட இருக்குற பணம்! அது நம் பணமா? அக்காள் தங்கை இருவருக்கும் மாமனார் விட்டுப்போன தோட்டத்தை விற்ற பணம் அது. ஆண்பிள்ளை இல்லாத மனிதர் பெண்களுக்கென்று வைத்துவிட்டுப் போனது. கறம்பக்குடிப் பக்கம் ஏரிப் பாசனத்தில் நல்ல நஞ்சை வந்தால் இரண்டு பேருக்கும் சேர்த்து வாங்குவது என்று பேசி, உங்கள் இரும்புப்பெட்டியில் வைத்திருந்தோம். அந்த வாரம்தான் ஒரு நிலமும் விலைக்கு வந்திருந்தது. இதைத் தொலைத்தால் வேறு பணத்துக்கு நாம் எங்கே போவது? கொழுந்தியாள் காசில் சூதாடப் பார்க்கிறீர்களா என்று உங்கள் முகத்துக்கு நேரேயே கேட்டேன். நீங்கள் கோபப்படவில்லை. உங்களுக்குக் கோபம் வராதது ஒன்றுதான் எனக்கு எப்போதும் கோபத்தை வரவழைக்கும்.

அன்று உங்கள் வீட்டுக் கூடத்தில் நால்வரும் உட்கார்ந்து பேசினோம். செல்லம்மாள் வேண்டவே வேண்டாம் என்றாள். நிலம் என்றால் மழை பெய்யாவிட்டாலும் போட்ட இடத்தில் கிடக்கும், காகிதம் எங்கே கிடக்கும் என்று கேட்டாள். கடைசியில் மதினி உங்களைப் பார்த்து, “அந்த மில்லுல நெசமாவே நூல் நூக்குறாங்களா? நீங்க கண்ணால பாத்தீங்களா?” என்றார்கள்.

நீங்கள் பார்த்ததில்லை என்று ஒப்புக்கொண்டீர்கள். கடலை வாங்கப் போனால் மூட்டையில் கைவிட்டு அள்ளிப் பார்க்காமல் விலை பேசாத மனிதர், காகிதத்தை மட்டும் பார்த்து வாங்க இருந்தீர்களே என்று மதினி உங்களைப் பிடிபிடியென்று பிடித்தார்கள். எனக்கு அன்றைக்கு அது பெரிய ஆறுதல்.

மறுநாளே என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள். பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய பஸ் அது. மேடு வந்தால் நாம் இறங்கித் தள்ளினோம். புதுக்கோட்டையில் ரயில் ஏறி, மானாமதுரையில் மாறி, மதுரைப் பக்கம் போய்ச் சேர்ந்தபோது சட்டை முழுக்கக் கரி. மில் வாசலில் நம்மை யார் உள்ளே விடுவார்கள்? எதிரில் இருந்த டீக்கடையில் பகல் முழுக்க உட்கார்ந்தோம். பருத்தி மூட்டைகள் உள்ளே போயின, நூல் பொதிகள் வெளியே வந்தன. நீங்கள் வண்டிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள், நான் உங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சங்கு ஊதியதும் தலையெல்லாம் பஞ்சோடு வேலையாட்கள் வந்தார்கள். லீவு கேட்டாலும் கிடைக்கவில்லை, ராணுவத்துக்கு நூல் போதவில்லை, ராத்திரியும் ஓட்டுகிறார்கள் என்று ஒருவர் அலுத்துக்கொண்டார். நீங்கள் அவருக்கும் சேர்த்து டீக்குக் காசு கொடுத்தீர்கள். திரும்பி வரும் ரயிலில், சரி, வாங்கலாம் என்று நானே சொன்னேன். மதினியும் சரி என்றார்கள். செல்லம்மாள் மட்டும், அக்கா சொன்னால் சரி என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இனி வருவதுதான் எனக்கு இன்றுவரை செரிக்கவில்லை.

உங்கள் மண்டி வழக்கம் எனக்குத் தெரியும். பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் விலையை வாயால் சொல்ல மாட்டீர்கள். கையின்மேல் துண்டைப் போட்டு, உள்ளே எதிராளியின் விரலைப் பிடிப்பீர்கள். எத்தனை விரலோ அத்தனை பத்து. வேண்டாம் என்றால் அவர் கையை உதறுவார், சம்மதம் என்றால் அழுத்துவார். பக்கத்தில் இருப்பவனுக்கு ஒன்றும் தெரியாது. அன்று மண்டியில் கடலை வியாபாரிகள் நிறைந்திருந்தார்கள். பட்டணத்துக்காரர் தகரப் பெட்டியோடு வந்து எதிரே உட்கார்ந்தார். நீங்கள் பழக்கதோஷத்தில் அவர் கையை இழுத்துத் துண்டால் மூடினீர்கள்.

அவர் முகம் அப்படியே வெளுத்துப்போனது. கண்ணில் நீர் திரண்டு நின்றது. மெதுவாக, “அஞ்சு ரூபாய்க்கா கேக்குறீங்க?” என்றார்.

பாவம், அவருக்கு உங்கள் விரல் கணக்கு எப்படித் தெரியும்? நீங்கள் பதறிப்போய்த் துண்டை எடுத்துவிட்டீர்கள். மண்டியில் நீங்கள் விலையை வாய்விட்டுச் சொன்னதை அன்றைக்குத்தான் நான் முதன்முதலாகக் கேட்டேன். “ஐயா, அஞ்சு இல்லீங்க. அம்பது. அம்பது ரூபா.”

மண்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மனிதர் நாற்பது என்று ஊரெல்லாம் கூவிக்கொண்டு திரிகிறார், வாங்க ஆளில்லை. நீங்கள் ஐம்பது கொடுக்கிறீர்கள். அதுவும் வீட்டுப் பெண்கள் பணத்தில். அவர் நடுங்கும் கையோடு, பங்கை நம் பேருக்கு மாற்றும் மாற்றுப் பத்திரங்களில் கையெழுத்துப் போட்டு, பணத்தை வாங்கிக்கொண்டு, உங்களைக் கும்பிட்டுவிட்டுப் போனார். நான் அதுவரை வாயைத் திறக்கவில்லை. தெருவில் இறங்கியதும் வாயை மூடவில்லை. தர்மம் செய்வதென்றால் உங்கள் கைக்காசில் செய்யுங்கள் என்று கத்தினேன்.

“சகலை, நாம மில்லைப் பாத்துட்டு வந்துட்டோம், அவரு பாக்கலை. நாப்பதுங்கிறது அவரு பயத்துக்கு வச்ச வெலை. நமக்குத் தெரிஞ்சதை மறைச்சுக்கிட்டு அந்த வெலைக்கு வாங்கினா, நாளைக்கு அவரு மொகத்துல எப்படி முழிக்கிறது?” என்றீர்கள்.

முழிக்க வேண்டியது செல்லம்மாள் முகத்தில் என்றேன்.

அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாததல்ல. நாம் வாங்கியதற்கும் கீழே விலை இறங்கியது. ஆகஸ்டில் ஊரெல்லாம் கலவரம், தண்டவாளம் பெயர்ந்தது, தபாலும் வரவில்லை. கறம்பக்குடி நிலத்தை வேறொருவர் கிரயம் பண்ணிக்கொண்டார். அந்தச் சேதி வந்த அன்று செல்லம்மாள் உலையே வைக்கவில்லை. என்னை மில் முதலாளி என்று கூப்பிடாத ஆள் கடைத்தெருவில் இல்லை. வந்த விலைக்கு விற்றுவிடலாம் என்று ஒருநாள் உங்கள் மண்டிக்கே வந்து கெஞ்சினேன். விற்பதற்கா அவ்வளவு தூரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம் என்று கேட்டுவிட்டு, மூட்டைக்குச் சாக்கு தைப்பதைப் பார்க்கப் போய்விட்டீர்கள். உங்கள் பிடிவாதத்தைத் தாண்டி என்னால் வர முடியவில்லை. மெல்ல மெல்ல அது எனக்கும் தொற்றிக்கொண்டது. கடையில் யாராவது கேலி செய்தால், விற்க மாட்டேன் ஐயா, உங்களுக்கு என்ன துணி வேண்டும் என்று கேட்கப் பழகிவிட்டேன்.

அப்புறம்தான் துணிப்பஞ்சம் வந்தது. என் கடையிலேயே ஒரு வேட்டிக்கு வரிசை நின்றது. நூல்மில் பங்கெல்லாம் கிடுகிடுவென்று ஏறியது, நம்முடையது நூற்றையும் தாண்டியது. அந்த நேரம் பார்த்து, பேர் மாற்றுவதற்கு நாம் அனுப்பி எங்கெங்கோ சுற்றிக் கிடந்த மாற்றுப் பத்திரங்கள் மில்லிலிருந்து திரும்பி வந்தன. விற்றவரின் கையெழுத்து அவர்களிடம் இருக்கும் மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை, மறுபடி வாங்கி அனுப்புக என்று ஒரு சீட்டு. நடுங்கிக்கொண்டு போட்ட கையெழுத்து அல்லவா? அதுவரை பங்குகள் மில் கணக்கில் அவர் பேரிலேயே இருந்திருக்கின்றன!

உங்களுக்கு அப்போது காய்ச்சல். நான்தான் மதராஸ் போனேன். பயம் தணிந்து அவர் பட்டணத்துக்கே திரும்பியிருந்தார். ரயிலில் எனக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை. கையெழுத்துப் போட மாட்டேன், இன்றைய விலைக்கு வித்தியாசத்தைக் கொடு என்று சொன்னால் நான் என்ன செய்வேன்? கோர்ட்டுக்கா போவேன்? நான் அவர் இடத்தில் இருந்தால் கேட்டிருப்பேன் சகலை. பொய் சொல்லவில்லை, கட்டாயம் கேட்டிருப்பேன்.

அவர் சீட்டைப் படித்தார். அன்றைய பேப்பர் பக்கத்திலேயே கிடந்தது, விலை அவருக்குத் தெரியும். உள்ளே போய் மூக்குக்கண்ணாடியும் பேனாவும் எடுத்து வந்தார். நான் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

“நான் கேட்டது நாற்பது. உங்க சகலை கொடுத்தது ஐம்பது. எங்கே கையெழுத்துப் போடணும்னு காட்டுங்க.”

நிறுத்தி, நிதானமாக, அழகாகப் போட்டார். ஊருக்கு வந்து உங்களிடம் சொன்னேன். கம்பளிக்குள்ளிருந்து, “நல்ல மனுசன்” என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். அவரைச் சொன்னீர்கள். நான் உங்களை நினைத்தேன், வெளியே சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

அந்தப் பங்குகளில் பாதியை விற்று, முன்பு கைநழுவியதைவிட நல்ல நஞ்சையை வாங்கினோம். முதல் அறுப்புக்கு வரப்பில் நின்று செல்லம்மாள் உங்களைப் பார்த்துச் சிரித்தாளே, அதைப் பார்க்க நீங்கள் இருந்தீர்கள் என்பதில் எனக்கு நிம்மதி. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது. அதற்குத்தான் இப்போது அடிவிழுகிறது.

இந்தத் தடவை வீட்டுப் பெண்கள் பணம் இல்லை, என் கடைச் சேமிப்பு. போனால் கடையை நான் மறுபடி முதலிலிருந்து தூக்கி நிறுத்த வேண்டும், எனக்கும் வயதாகிறது. ஆனாலும் போன வாரமே மில் வாசலுக்குப் போய்விட்டு வந்துவிட்டேன். பஸ் இப்போது கரியில் ஓடுவதில்லை. அதே டீக்கடையில் தனியாக உட்கார்ந்தேன். பருத்தி உள்ளே போகிறது, நூல் வெளியே வருகிறது. ராத்திரியும் ஓடுகிறது. வேட்டி கட்டாமல் இந்த ஊரில் யாரும் இருக்கப் போவதில்லை. நான் வாங்கப் போகிறேன் சகலை. செல்லம்மாளிடம் காலையில் சொல்லிவிடுவேன்.

எண்ணெய் மில்காரர் அறுபது கேட்பார். நேற்றுச் சாயங்காலம் கடைக்கு வந்து பேசியபோதே அவர் கண்ணில் அதே பயத்தைப் பார்த்தேன். சும்மா இருந்தால் ஐம்பதுக்கும் இறங்கி வருவார். ஐம்பதுக்கு வாங்கினால் என்ன என்று இந்தப் பாழும் மனசு ராத்திரியெல்லாம் கணக்குப் போட்டது. நீங்கள் செய்தது சரி என்று நான் இன்றைக்கும் முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை, அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் துண்டைத் துவைக்கப் போடாமல், கடலை வாசத்தோடேயே நாளைக்கு எடுத்து வைத்திருக்கிறேன். அவர் விரல் கணக்குத் தெரிந்த ஆள்தான். இருந்தாலும் துண்டுக்குள் அவர் கையைப் பிடித்த பிறகு, பத்துப் பேர் கேட்க வாயாலும் சொல்லிவிடுவேன், எழுபது என்று.