எழுபத்தொன்பது

ஜனவரி 20, திங்கள்

வடகவுஞ்சியிலிருந்து ஏறும்போது வேன் மறுபடி மூச்சு வாங்கியது. மஞ்சள் விளக்கு எரிகிறது. முழுக்க மிதித்தாலும் நடை வேகம்தான். பதினெட்டுப் பிள்ளைகளும் பெல் அடித்த பிறகுதான் கொடைக்கானல் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தார்கள். மேனேஜர் செபாஸ்டின் சார் வண்டியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "லீமாம்மா, லேடீஸ் கையில மலை வண்டின்னா இப்படித்தான்."

ஒன்பது வருஷமா நல்லா ஓடுச்சே, அப்ப யார் கை?

ஜனவரி 21

பழனி ஒர்க்‌ஷாப்பிலிருந்து பாலகுமார் வந்தான். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஸ்லேட்டு மாதிரி ஒரு டேப். பேனட்டைத் தொடாமலே டேப்பை மாட்டிப் பார்த்து, "எக்ஸாஸ்ட் பிரஷர் சென்சார் போச்சுக்கா" என்றான். புகையின் அழுத்தத்தை அளக்கிறதாம் அது; இன்ஜின் ஓடாதபோது நூறுக்குக் கிட்ட காட்டணுமாம். எழுபத்தொன்பது காட்டுகிறதாம். புதுசு மாட்டினான்.

எழுபத்தொன்பது.

இன்னொரு புதுசு. அதுவும் எழுபத்தொன்பது! "டூப்ளிகேட் சரக்கு போலக்கா" என்கிறான். உன் மூளைதாண்டா டூப்ளிகேட்.

ஜனவரி 22

வண்டியை நாளைக்குப் பழனிக்கு இறக்கணும். வெள்ளிக்குள் கோளாறு தெரியாவிட்டால் கோளாறு நான்தானாம், செபாஸ்டின் சார் சொல்லிவிட்டார். வேன் இன்னொரு டிரைவர் சோலைமலைக்கு, எனக்கு ஹாஸ்டல் சமையல்கட்டு. இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டிவிட்டுப் பாட்டுக் கேட்கிற மகராசன் அவன். அவன்கிட்ட என் பிள்ளைகளா?

ஜனவரி 23

பாலகுமார் பக்கத்தில் உட்கார்ந்து தூங்கினான். நான் நிறுத்தி நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சாவியை மட்டும் போட்டு டேப்பைப் பார்த்தேன். வடகவுஞ்சியில் எண்பத்து நாலு. பாதி இறக்கத்தில் தொண்ணூறு. பழனியில் தொண்ணூற்றெட்டு. "அக்கா, சென்சார் தானா சரியாயிருச்சு!" என்று குதிக்கிறான்.

அட மண்டு! மேலே காத்து லேசுடா. கொடைக்கானலில் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாதென்று என் அடுப்புக்கே தெரியும், இந்த மேதாவிக்குத் தெரியாது. அந்த எழுபத்தொன்பது சும்மா வெளிக்காத்தோட அழுத்தம். மூன்று சென்சாருமே நல்ல சென்சார்.

அப்ப எதுதான் கோளாறு? இன்ஜினை ஓடவிட்டு மிதித்தேன் — எண் அசையவே இல்லை. புகையின் அழுத்தம் சென்சாருக்குப் போகவில்லை என்றுதானே அர்த்தம்? நடுவில் இருப்பது விரல் பருமன் குழாய் ஒன்று. கழற்றச் சொன்னேன். உள்ளே கல்லு மாதிரி கரி. கம்பி விட்டுக் குத்தி எடுத்தோம். வரும்போது வண்டி பிடுங்கிக்கொண்டு ஏறியது. தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

ஜனவரி 24

பாலகுமார் போன் பண்ணினான். "ஏக்கா, அவ்வளவு கரி எப்படிச் சேர்ந்துச்சு? காலைல வண்டிய நிறுத்தி வச்சே ரொம்ப நேரம் ஓடவிடுறீங்களா? அப்படி ஓடினாத்தான் இப்படிக் கரி கட்டும்." அவன் கேட்ட முதல் உருப்படியான கேள்வி.

ஆமா. டிசம்பரிலிருந்து தினமும் முக்கால் மணி நேரம். வெள்ளனே வர்ற சின்னதுக ஏறும்போது வேன் வெதுவெதுன்னு இருக்கட்டும்னு, ஹீட்டரப் போட்டு என் வீட்டு வாசல்லயே ஓடவிட்டேன்.

"அதெல்லாம் இல்லையேப்பா" என்றேன். சீ! இத்தனை நாளா யாரை இந்தத் திட்டுத் திட்டினேன்?

ஜனவரி 27, திங்கள்

வேன் எனக்கே. ரிப்பேர் நோட்டில் 'காரணம்' என்ற இடத்தை என்னையே நிரப்பச் சொன்னார் செபாஸ்டின் சார். 'குளிர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பெரிய இன்ஜினியர் மாதிரி தலையாட்டினார்.

இன்று ஸ்டார்ட் பண்ணியதும், சூடேற விடாமல், வண்டியை எடுத்துவிட்டேன். ஒண்ணாம் வகுப்பு பிரின்ஸி பல்லு தந்தியடிக்க ஏறினாள். "ஹீட்டர் கெட்டுப்போச்சா ஆன்ட்டி?"

ஆமாண்டி தங்கம் என்றேன்.